கலங்கரைக்காரரின் ரத்த வகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஆளுக்கொரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். நீ நலம் என்று நீயேதான் சொல்லிக்கொள்கிறாய், அதனால் அதைப் பாதி நம்பி, மீதிக்கு வேண்டிக்கொள்கிறேன்.

முதலில், வீட்டில் எடுக்கப்பட்ட ஒரு பெரிய தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியை உன் அறைக்கு நிரந்தரமாக மாற்றுவது என்று போன வாரம் முடிவாயிற்று. முன்மொழிந்தவர் உன் அப்பா. வழிமொழிந்தவரும் அவரே. நான் ஆட்சேபம் தெரிவித்தேன், அது மரியாதையாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது, பிறகு நாற்காலி போய்விட்டது. உன் முக்காலியில் உட்கார்ந்து அவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறதாம். உன் அறையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் எதிரிலேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தை முழுப் பேச்சு நேரமும் படித்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது.

உன் அப்பா நீ கதை எழுதிய கணினி விளையாட்டை விளையாடுகிறார். ஆயுள் முழுவதும் அடுத்தவர் வீட்டு லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு மாடிப்படி ஏறி வந்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு உன் பழைய கணினியைத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டு, உன் கலங்கரை விளக்கு விளையாட்டை அதில் ஏற்றிவிட்டார். அந்தப் பெண்ணைப் படகிலிருந்து கரையில் இறக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அவள் தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு தடவையும் "ஐயோ பாப்பா" என்று ஒரு சத்தம். முதல் தடவை உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கையில் கரண்டியோடு ஓடினேன். திரையில் ஒரு செருப்பு மிதந்துகொண்டிருந்தது. எழுதும்போது ஒரு பாலம் வைத்திருக்கக் கூடாதா.

உன் கதையை உனக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம், ஆனாலும் எனக்கு எவ்வளவு புரிந்தது என்று நீ பார்க்க வேண்டும். தாய் இறந்த பிறகு ஒரு பெண் தகப்பனைத் தேடி ஒரு தீவுக்குப் போகிறாள். அங்கே கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் அப்பாவாக இருக்கும் என்று அவளுக்கும் தோன்றுகிறது, விளையாடுகிறவர்களுக்கும் தோன்றுகிறது. அவர் மட்டும் வாயைத் திறப்பதில்லை. முதல் பாகத்தின் கடைசியில் அவளுக்கு அடிபட்டு, தீவின் நர்ஸ் ரத்தம் பார்க்கிறாள். பெண்ணுக்கு பி வகை. தாய்க்கு ஓ. கலங்கரைக்காரருக்கும் ஓ. திரை இருண்டுவிடுகிறது, பெயர்கள் ஓட ஆரம்பிக்கின்றன. நான் நூலகத்தில் எத்தனையோ தொடர்கதைகளுக்கு ஆள் காத்திருந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு இடத்தில் நிறுத்தியதற்கு அந்தக் காலமாக இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக் கண்ணாடி உடைந்திருக்கும்.

இப்போது கண்ணாடி உடைவதில்லை, அதற்குப் பதில் ரசிகர்கள் ஒரு இணையதளத்தில் கூடி வாதாடுகிறார்கள். நீ அந்தப் பக்கமே போவதில்லை என்று சொல்லியிருக்கிறாய், நல்லதுதான். அப்பா படித்துக் காட்டி எனக்கும் பழக்கமாகிவிட்டது. ஓ வகைத் தாய்க்கும் ஓ வகைத் தகப்பனுக்கும் பி வகைப் பிள்ளை பிறக்காது, ஆகவே அவர் அப்பா இல்லை, கதை முடிந்தது என்று ஒரு கட்சி. நர்ஸ் பொய் சொல்கிறாள் என்று ஒரு கட்சி. தீவில் வைத்திருந்த பரிசோதனை மருந்து காலாவதியாகியிருக்கும் என்று ஒரு கட்சி, அவர்கள் மருந்துக் குப்பியின் படத்தைப் பெரிதாக்கி அதில் தேதி தேடுகிறார்கள். கலங்கரைக்காரருக்கு ஒரு இரட்டைச் சகோதரர் உண்டு என்று ஒருவர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரட்டையருக்கும் அதே ரத்தம்தானே இருக்கும் என்று கேட்டால் மறுநாள் மறுபடி வந்து அதையே சொல்கிறார். பழைய உரையாசிரியர்களுக்குப் பிறகு இத்தனை சிரத்தையாக ஒருவர் இன்னொருவரை மறுத்து நான் படித்ததில்லை. அவர்களுக்காவது மூலநூல் முழுசாகக் கிடைத்திருந்தது.

உன் அப்பா அதில் சேர்ந்துவிட்டார். புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டுமாம், "ஆறாவது மாடி" என்று வைத்திருக்கிறார். கலங்கரைக்காரர்தான் அப்பா என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் அவர் ஒருவரே. ஆதாரம் வேண்டும் என்று கேட்டார்கள். மேல் வீட்டு டாக்டரிடம் போய்க் கேட்டார். அவர் பல் டாக்டர், "சார், பல்லப் பத்தி ஏதாவது கேளுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார். கடைசியில் என்னிடம் வந்தார். ஒரு நூலகரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர், இப்போதுதான் நூலகத்தில் உறுப்பினர் ஆனார். அட்டையில் கையெழுத்து வாங்கும்போது, தெரியாத ஆள் மாதிரி "மேடம், மரபணு பத்தி எந்த அலமாரி" என்று கேட்டார். நானும் தெரியாத ஆள் மாதிரியே கையைக் காட்டினேன். உதவியாளர் பெண் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

புத்தகத்தில் இருந்தது. மிக அபூர்வமாகச் சிலருக்கு, பி வகைக்கான மரபணு உள்ளே இருக்கும், ஆனால் அது வந்து உட்கார வேண்டிய அடிப்படைப் பொருள் ரத்தத்தில் இருக்காது. அதனால் சோதனையில் ஓ என்றே காட்டும். அதே மரபணு பிள்ளைக்குப் போனால், தாய் வழியில் அந்த அடிப்படைப் பொருளும் கிடைத்துவிடுவதால், பிள்ளையிடம் வெளியே தெரியும். ஆக ஓ என்று காட்டுகிற தகப்பனுக்கு பி வகைப் பெண் பிறக்கலாம். உன் அப்பா அந்தப் பத்தியை விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு "லிஃப்ட்ல அடிக்கடி பாக்கறதுதான். கதவு சாத்தித்தான் இருக்கும், சாத்தியிருக்குன்னு கண்ட்ரோல் போர்டுக்குத் தகவல் போகாது. அதுக்காகக் கதவே இல்லன்னு சொல்லிடுவியா" என்று என்னைக் கேட்டார். அவரோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்தப் பத்தியில் புதிதாக ஒன்றும் இல்லை.

இதைத் தளத்தில் எழுதினார். உடனே புதுச் சண்டை. இது லட்சத்தில் ஒருவருக்கு வருவது, கதாசிரியர் தப்பிக்கக் கண்டுபிடித்த ஓட்டை என்று ஒருவர். விஞ்ஞானப்படி முடியும், கதைப்படி நியாயமில்லை என்று இன்னொருவர். அவ்வளவு அபூர்வம் என்றால் முதல் பாகத்திலேயே ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று மூன்றாவது ஆள், அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது, வைத்திருக்கிறாயா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த வாதமே பிடிபடவில்லை. "ரத்தத்த விடு. அந்த ஆளு தினம் அந்தப் பொண்ணுக்கு ஃபிளாஸ்க்ல வெந்நீர் வெச்சுட்டு மேல போறாரே, அத யாரும் பாக்கலயா" என்று என்னிடம் ஆற்றாமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பரீட்சைக்குப் படித்த வருஷங்களில் உன் மேசையில் இருந்த ஃபிளாஸ்க்கை யார் நிரப்பியது என்று உனக்கும் தெரியும், அதனால்தான் எழுதியிருக்கிறாய். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. தோள்பட்டை, பேச்சில்லாத நடை, கேட்ட கேள்விக்கு ஜன்னல் பக்கம் பார்ப்பது, எல்லாம் கூடத்தில் உலாவுகிற அதே ஆள், அவரோ திரையைப் பார்த்து "இந்த ஆளு வாயத் தெறந்து ஒரு வார்த்த பேசினா என்ன கொறஞ்சுடும்" என்று கோபித்துக்கொள்கிறார். நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளையாடுவதை நிறுத்திவிடுவார்.

அவர் உன்னோடு பேசுவது உனக்குத் தெரிந்ததுதான். ஃபோனை நான் கொடுப்பேன். "சாப்ட்டியா, வேல எப்படி, சரி அம்மாகிட்ட குடுக்கறேன்." சூடான பாத்திரம் மாதிரி உடனே என் கைக்குத் திருப்பிவிடுவார். நீ போன நாளிலிருந்து இதற்குமேல் ஒரு சொல் கூடவில்லை. ஆனால் இங்கே நடப்பது வேறு. கடைசியில் ஓடும் பெயர்களில் உன் பெயர் வருகிறதல்லவா, அதைப் பார்க்கிறார். அது நிற்காமல் மேலே போய்விடுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிற்பதில்லை. அதனால் உன் பெயரை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் கடைசி அத்தியாயத்தை முதலிலிருந்து விளையாட வேண்டும். விளையாடுகிறார். புயலில் படகு ஓட்டுவது, ஏணி ஏறுவது, நர்ஸைக் கூட்டி வருவது எல்லாம் இப்போது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நானும் அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவருகில் நிற்கிறேன். உன் பெயர் கீழிருந்து ஏறி, மேலே போய் மறைகிறது. பிறகு நான் வந்து அடுப்பைப் பற்றவைப்பேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு விபரீதம். "கலங்கரைப்பூனை" என்ற ஒரு புனைபெயர், அதுதான் எதிர்க்கட்சித் தலைமை, மரபணுச் சோதனை முடிவு இல்லாமல் அவரை அப்பா என்று எந்த முட்டாளும் நம்ப மாட்டான் என்று எழுதியது. உன் அப்பா நிதானமாக யோசித்து, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, "உங்க அப்பாதான் உங்க அப்பான்னு நீங்க எந்த ரிப்போர்ட்டப் பாத்து நம்புனீங்க தம்பி" என்று கேட்டார். அவர் கேட்டது நிஜமான கேள்வி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே அன்பான குரலில்தான் கேட்டார், ஆனால் எழுத்தில் குரல் போய்ச் சேரவில்லை. கலங்கரைப்பூனை தம்பியும் இல்லை, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் உள்ள ஒரு கணக்குப் பேராசிரியை. பிற உறுப்பினரின் பிறப்பை இழிவுபடுத்தியது, பாலினத்தை ஊகித்தது என்று இரண்டு குற்றங்கள் சுமத்தி அப்பாவைத் தளத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். மனுஷன் வெலவெலத்துப் போனார். "நான் நல்லாத்தானே கேட்டேன்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறார். தடையில் இருப்பவர் மன்னிப்பையும் பதிவிட முடியாதாம்.

அவர் தளத்தில் எழுதியதில் வேறொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும், இதற்காகத்தான் மேலே இவ்வளவும். இரண்டாம் பாகத்தில் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். உன் அப்பா ஒரே வரி: "அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு தடவ நேரா கேட்டுட்டா போதும், ரிசல்ட் வேண்டாம்." அந்த முடிவை எழுதப்போவது நீதான் என்று அவருக்குத் தெரியும். உன்னிடம் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன் என்று நினைக்காதே. அவருக்காகக் கதையை வளைக்காதே, அவர் அப்பா இல்லை என்பதுதான் கதைக்கு நியாயம் என்றால் அப்படியே எழுது, நாங்கள் நல்ல வாசகர்கள், தாங்கிக்கொள்வோம். ஆனால் அந்த மனிதரை எதற்காக ஊமையாக வைத்தாய் என்று யோசித்துவிட்டு எழுது. அவருக்கும் சொல்ல ஏதோ இருந்து, சொல்லத் தெரியாமல் படியேறிப் போகிறார் என்று நீ நினைத்திருந்தால், அது ரத்தப் பரிசோதனையில் வராது, நீதான் எழுத வேண்டும்.

மற்றபடி என் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது, ஏறும்போது இல்லை, அதனால் ஏறியே இருக்கலாம் என்று பார்க்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவதை அப்பா சரிசெய்தார், இப்போது சமையலறைக் குழாய் சொட்டுகிறது. உன் துணிகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்தேன். பச்சைச் சட்டையில் இன்னும் உன் வாசனை இருப்பது போல இருந்தது, அதனால் அதை மட்டும் துவைக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிடாதே. திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே தூரத்தில் எதையாவது பார், கண்ணுக்கு நல்லது என்று மேல் வீட்டு டாக்டர் சொன்னார், அவர் பல் டாக்டர்தான், ஆனாலும் இது சரியாக இருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொள். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று போன வருஷம் சொன்னாய், கேட்டாயா என்று நான் கேட்கவில்லை, கேட்டாயா.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நல்ல தூக்கத்தோடு நீ நிறைவாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் வந்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

பி.கு.: தளத்தில் அப்பாவுக்குத் தடை இந்த மாதம் முடியும் வரை. மாலையில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. நேற்று என்னிடம் உன் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.