கேட்டுக்கு அடித்த கறுப்பு

நவம்பர் 3, திங்கள்

கண்காட்சி அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ‘குணாளன் – கஸ்தூரி: ஓவியமும் சிற்பமும்’. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில்! முப்பது வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவனும், பாசிர் கூடாங் ஃபாக்டரியில் குழாய்களுக்கு வெல்டிங் அடிக்கும் அவன் தங்கையும் சமமாம். மண்டபம் தரும் சங்கத்தின் செயலாளர் மகேஸ்வரனின் யோசனை இது. “ஒரே குடும்பம், ரெண்டு கலை. ஆளுங்க வருவாங்க சார்” என்றார். இது என்ன இரவுச் சந்தையா?

நான் தனியாகக் கேட்டிருந்தால் மண்டபம் கிடைத்திருக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

கஸ்தூரி ஐந்து உருவங்களை லாரியில் கொண்டுவந்து என் கார் போர்ச்சில் இறக்கினாள். காலையில் ஃபாக்டரி பஸ்ஸுக்கு நிற்கும் ஐந்து பேராம். வால்வுச் சக்கரம் தலை, போல்ட்டு விரல், தகடு முதுகு. பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியவை வழி தவறி இங்கே வந்துவிட்டன.

நடுவில் நிற்கும் பெண்ணின் கையில் சோற்றுத் தூக்கு. அவள் உடம்பு முழுக்கத் துரு. “என்ன இப்படித் துரு பிடிச்சுக் கிடக்கு?” என்றேன்.

“ஆமாண்ணே. எட்டு மாசம் ஆச்சு லா” என்றாள். பெருமையாகச் சொல்கிறாள்! எட்டு மாதம் சாமானை மழையில் போட்டுவைத்ததில் என்ன பெருமை?

நவம்பர் 13, வியாழன்

என் பதினெட்டு மூவார் ஆற்று ஓவியங்களுக்கும் சட்டம் போட்டாயிற்று. எல்லாம் அந்தி வெளிச்சம். இதைப் பார்த்த பிறகு அந்த இரும்பை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பாவம்.

நவம்பர் 14, வெள்ளி

நாளை திறப்பு. அந்தத் துருப்பிடித்தவளை மண்டபத்து வெள்ளைத் தரையில் நிறுத்தினால் என் மானம் போகும். தீபாவளிக்கு வாசல் கேட்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் அரை டின் மிச்சம் இருந்தது. கஸ்தூரி காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். இரண்டு கோட் அடித்தேன். இப்போதுதான் மனுஷியாகத் தெரிகிறாள். கஸ்தூரிக்கு நன்றி சொல்லத் தெரியாது, பரவாயில்லை.

மாலை – வந்தாள். பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“அண்ணே... தினம் உப்புத் தண்ணி தெளிச்சு, நனைய வெச்சு, காய வெச்சு... எட்டு மாசம். அந்தக் கலர நான் வளத்தேன்.”

துருவை யாராவது வளர்ப்பார்களா? எனக்கு எப்படித் தெரியும்? சொல்லித் தொலைத்திருக்கலாமே! – சொன்னாளே. எட்டு மாசம்னு சொன்னாளே. நான்தான்...

பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் துணியும் எடுத்துத் துடைக்க உட்கார்ந்தாள். நானும் துடைக்கட்டுமா என்றேன். “நீங்க தொடாதீங்க.” லாரி வருவதற்குள் முகமும் கைகளும்தான் மீண்டன.

நவம்பர் 15, சனி

நல்ல கூட்டம். என் ஆறுகளை நடந்துகொண்டே பார்த்தார்கள். “ஹாலுக்கு மாட்ட நல்லா இருக்கும்” என்றான் ஒரு மடையன்.

அந்த இரும்புப் பெண் முன்னால்தான் நின்றார்கள். கறுப்பு உடம்பு, அதற்குள்ளிருந்து வெளியே வரும் செம்பழுப்பு முகம். ஃபாக்டரிச் சட்டையோடு வந்த ஒரு அம்மா, “நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நிக்கற மாதிரியே இருக்கு” என்று அதன் கையைத் தொட்டார். அடியில் இருந்த சீட்டைப் படித்தேன். ‘கஸ்தூரி, குணாளன்’. அவள் கையெழுத்து.

கேலி செய்கிறாளா? அவள் முகத்தில் கேலி இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மகேஸ்வரன் மைக்கில், “இதுல அண்ணனோட கைவண்ணமும் இருக்கு” என்றார். கை தட்டினார்கள். என் வேலைக்கு விழுந்த முதல் கைதட்டல், கேட்டுப் பெயிண்டுக்கு! நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

நவம்பர் 16, ஞாயிறு

சீட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். “இருக்கட்டும்ணே. பெயிண்டு நீங்கதானே அடிச்சீங்க” என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

ஒன்பது நாளாகத் துருவை வரையப் பார்க்கிறேன். எந்த நிறத்தை எதோடு குழைத்தாலும் மூவார் ஆற்று அந்தியாகத்தான் வருகிறது. துரு வளர்ப்பதை நேரில் பார்க்க வேண்டும்; கஸ்தூரிக்கு எந்தக் கிழமை லீவு என்று போனில் கேட்டு வைத்திருக்கிறேன்.