என்னங்க, உங்கள் வண்டிக்கு எண்ணெய் மாற்றிவிட்டேன்

என்னங்க,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். கோபித்துக்கொள்ளாமல் ஒரு சேதி கேளுங்கள். உங்கள் வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றிவிட்டேன்.

பதறாதீர்கள், முழுசாகச் சொல்கிறேன். தீபாவளிக்கு நம் தலைக்கு நல்லெண்ணெய், அதே வாரம் வண்டிக்கும் புது எண்ணெய் என்பது நீங்கள் வைத்த சட்டம். "நமக்கு மட்டும் எண்ணெய்க் குளியல், அதுக்கு வேணாமா?" என்பீர்கள். இந்த முறை துக்க வருடம், வீட்டில் பண்டிகை இல்லை. சிங்கப்பூரே கூடும் லிட்டில் இந்தியாவில் போட்ட தீபாவளி விளக்குகளைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தையே எடுக்காத வீட்டில் வண்டியின் எண்ணெய் யாருக்கு ஞாபகம் வரும்?

போன மாதம் நம் பிரியாவைச் சாங்கி ஏர்போர்ட்டில் வேலைக்கு விடப் போகும்போது வண்டியில் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜின் கடகடவென்றது. உடனே ஓரம் கட்டினேன். "ஸ்க்ராப் பண்ணிடலாம்மா, ஓல்ட் கார் லா இது" என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்துப் போனாள் உங்கள் மகள். நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த சீட்டை எப்படி இரும்புக்குப் போடுவது?

ஒர்க்‌ஷாப்பில் நம் மெக்கானிக் செல்வம் வடித்துக் காட்டியபோது வந்தது எண்ணெய் இல்லை, தார். அதுவும் கொஞ்சம்தான்.

"நல்லவேளை, உடனே நிறுத்திட்டீங்க. இன்ஜின் தப்பிச்சிருச்சு. இனிமே சிந்தெடிக் ஊத்திருவோம்க்கா, உள்ள சுத்தமா இருக்கும்."

"பழைய இன்ஜினுக்கு அது ஒத்துக்காது, லீக் ஆகும்னு அவர் சொல்லுவாரே?"

உங்கள் பேச்சை நான் தட்டாதவளா? ஆயிரம் முறை தட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் திட்டுவதற்கு நீங்கள் இருந்தீர்கள். பயந்துகொண்டேதான் சரி என்றேன்.

சில நாளிலேயே கார்பார்க்கில் வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டியிருந்தது. "சொன்னேனா இல்லையா?" என்று உங்கள் குரலே கேட்டது. அழுதுகொண்டே செல்வத்தைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆயில் ஓட்டை போடலக்கா. ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் சீல் முன்னமே போயிருச்சு. அழுக்கு அடைச்சு மறைச்சு வெச்சிருந்துச்சு, புது ஆயில் அதைக் கழுவி விட்டுருச்சு. தெரிஞ்சது நல்லதுதான், மாத்திரலாம்." மாற்றியும் கொடுத்தார். இப்போது தினமும் வண்டிக்கு அடியில் அட்டை போட்டுப் பார்க்கிறேன். காய்ந்தே கிடக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு உங்கள்மேல்தான் கோபம். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே "ஒண்ணுமில்ல பிரியாம்மா, வாயு" என்றீர்களே. உங்களைக் கொண்டுபோன அந்த நெஞ்சு வலியை எத்தனை நாள் அப்படி மறைத்தீர்கள்? என்னிடம் ஒரு சொட்டாவது கசியவிட்டிருக்கக் கூடாதா?

நேற்றுச் சாங்கி போகும் வழியில் பிரியா, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். 'ஒண்ணுமில்லடி' என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "இல்லடி. அப்பா இல்லாம முடியல" என்றேன்.

"எனக்கும்தாம்மா. சீட்டெல்லாம் அப்பா வாசனை. அதான் ஸ்க்ராப் பண்ணிடலாம்னு சொன்னேன்" என்று அவள் உடைந்து அழுதாள். இறங்கும்போது, "கார் இருக்கட்டும்மா" என்றாள்.

வரும் தீபாவளிக்கு அவள் தலையில் நான் எண்ணெய் வைப்பேன், என் தலையில் அவள் வைப்பாள். வண்டிக்கும் மாற்றிவிடுவேன். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் இனி இந்த வீட்டில் யாரையும் சொல்லவிட மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
பிரியாம்மா