மேலே ஏறாத அம்புக்குறிகள்

அன்புத் தோழி,

நேற்று அலுவலகக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி திரையில் அந்தப் படத்தைப் போட்டாள். தேவைகள், வடிவமைப்பு, நிரல் எழுதுதல், சோதனை, பராமரிப்பு என்று படிப்படியாக இறங்கும் பெட்டிகள். அம்புக்குறி எல்லாம் கீழ்நோக்கி. "இதுதான் நீர்வீழ்ச்சி முறை. அந்தக் காலத்து ஆளுங்க மென்பொருள் செஞ்ச லட்சணம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்டியில் நாம் வேலை பார்த்த மென்பொருள் கம்பனியில் இந்தப் படம் சாமிப் படம் மாதிரிச் சுவரில் தொங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள் நீ. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி வருகிறவள். நம் மனேஜருக்கு ஒவ்வொரு படி முடிந்ததும் கையெழுத்து வேண்டும். வைத்துவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வீடு கட்டுகிறவன் கூரை போட்டபின் அத்திவாரத்தைத் தோண்டுவானா என்பார். அது ஒன்றும் முட்டாள்தனமான வாதம் இல்லை. கட்டடமும் இயந்திரமும் செய்கிறவர்களிடமிருந்து வந்த பழக்கம்தானே.

அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் எழுதிய மூலக் கட்டுரையை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாசித்தவள் நீ ஒருத்திதான்.

"படத்தைக் கீறின மனுசனே, இப்பிடியே செய்தால் கவிழும் எண்டு கீழ எழுதியிருக்கிறார். பிறகு மேல ஏறுற அம்புக்குறியும் கீறிக் காட்டியிருக்கிறார். எங்கட ஆக்கள் முதல் படத்தோட மூடி வைச்சிட்டினம்."

நீர்வீழ்ச்சி என்ற பெயர்கூட அவர் வைத்ததில்லை, பின்னால் வந்தவர்கள் ஒட்டியது என்றும் சொன்னாய். அப்போது அது நமக்குச் சிரித்துவிட்டு மறக்கிற வெறும் பகிடி.

பிறகு அந்தக் காப்புறுதிக் கம்பனியின் வேலை வந்தது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீக்காப்புறுதி. சோதனைப் படியில் தெருவாரியாக அச்சிட்ட தாள்களை விரித்தபோதுதான் நீ கவனித்தாய். பெயர், முகவரி, அதற்குப் பக்கத்தில் இனம்.

மனேஜரிடம் நேரே போனாய். "நெருப்புக் காப்புறுதிக்கு ஆள் தமிழோ சிங்களமோ எண்டு ஏன் சேர்? நெருப்புக்குத் தெரியுமோ? திரும்பப் போய் இதை எடுப்பம்."

அவரும் நம்மவர்தான், தமிழர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "தேவைகள் எழுதின படி முடிஞ்சுது, பிள்ளை. அவங்களும் கையெழுத்து வச்சாச்சு. இனி மேல ஏற ஏலாது."

தாள்கள் அப்படியே காப்புறுதிக் கம்பனிக்குப் போயின. அந்த மாதமே எண்பத்து மூன்று ஜூலைக் கலவரம். மற்றத் தமிழர் வீடுகளோடு உன் வாடகை வீட்டையும் எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் உன்னைத் தங்கள் குசினியில் அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. வந்தவர்கள் கையில் தாள் வைத்து வீடு பார்த்தார்கள் என்று அந்த வீட்டு அம்மா சொன்னாராம். அது நாம் அச்சிட்ட தாள்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

உன்னைப் பார்க்க நான் பாடசாலையில் இருந்த அகதி முகாமுக்கு வந்த அன்றுதான் மனேஜரும் வந்தார். பழம் கொண்டுவந்தார். உடுப்புக் கொண்டுவந்தார். கூடவே ஒரு படிவமும். சோதனைப் படி முடிந்தது என்று நீ கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவர் கொடுமைக்காரர் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஒழுங்காக வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டு நின்றார்.

நீ பேனையை வாங்கி, பெரிய எழுத்தில் 'பிழை' என்று எழுதிக் கொடுத்தாய்.

"ஹந்தானைக்கு வந்துரு, எங்க லயத்துல இருந்துக்கலாம்" என்றேன்.

"அங்கயும் வருவாங்கள். நான் ஊருக்குப் போறன்" என்றாய்.

யாழ்ப்பாணத்துக்கே போனாய். சில வருடங்களில் போரில் ஷெல் விழுந்து அங்கேயே முடிந்துபோனாய். இங்கே மனேஜர் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கினார். மென்பொருள் ஓடியது. இனம் கேட்கும் அந்தக் கட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

நேற்றைய கூட்டம் அந்தச் சிரிப்போடு முடியவில்லை, தோழி. அந்தப் பெண் தன் புதிய திட்டத்தைக் காட்டினாள். பாடசாலைப் பிள்ளைகளின் பதிவு. பெயர், பிறந்த நாள், இனம். எதற்கு என்று கேட்டேன். "அது ஏற்கெனவே முடிவான விசயம், மேடம்" என்றாள். எல்லோரும் மணி பார்த்தார்கள். நான் எழும்பவில்லை. என் கையெழுத்து இல்லாமல் திட்டம் நகராது; இனம் என்ற கட்டத்தை எடுக்கும்வரை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.