சொல்லக் கூடாத பேரு

மதுரை, 1939

மாமாவுக்கு மலையம்மா கும்பிட்டு எழுதுறது. நான் சொகம். அங்கன நீங்களும் நம்ம குட்டியும் சொகந்தானே?

எங்க மில்லுல பிராவிடண்டு பண்டு ஆரம்பிச்சிருக்காக. நம்ம சம்பளத்துல பிடிக்கிற அளவு முதலாளியும் போடுவாக, வயசான காலத்துல மொத்தமாக் கிடைக்கும். அதைப் புரிஞ்சுக்க எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுக்காக.

எனக்கப்புறம் பணம் யாருக்குன்னு கிளார்க்கு கேட்டாக. "வீட்டுக்காரருக்கு"ன்னேன். உங்க பேரைக் கேட்டாக. புருசன் பேரை வாயால சொல்லலாமான்னு தலையை ஆட்டுனேன். பின்னாடி நின்ன பொம்பளைக விழுந்து விழுந்து சிரிக்காளுக. சொல்லத்தானே கூடாது, எழுதலாம்லன்னு பேனாவை வாங்கி நானே எழுதிட்டேன்!

குட்டி பாதத்தை நூலால அளந்து அனுப்புங்க, செருப்பு வாங்கணும். சங்கு ஊதிட்டாக, வேலைக்கு ஓடணும்.

கவரு மேல உங்க பேரும் நான் எழுதினதுதான். எழுதுறப்ப, யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.