பூட்டிய வீட்டுக்குள் ஊட்டி

மே 9, சனி

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. தைக்க வந்த ஜாக்கெட் மூன்றும் முடிந்தன. கொக்கி மட்டும் பாக்கி.

அரூரிலிருந்து அண்ணி போன். இவருடைய அக்கா. "பசங்க லீவுல இருக்குதுங்க. அடுத்த வாரம் ஒகேனக்கல்லு போலாமுங்குதுங்க, செல்வி" என்று ஆரம்பித்தார். பென்னாகரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுதான் வரம். அருவி பார்க்க வரும் சொந்தமெல்லாம் நம் வீட்டில்தான் இறங்கும். எட்டுப் பேர். பரிசல் காசை நாம்தான் கொடுக்க வேண்டும், வந்தவர்களைக் கொடுக்கவிட்டால் மானக்கேடு. அப்புறம் மீன் வறுவல், எண்ணெய்க் குளியல், மறுநாள் கறிக்குழம்பு. ஏழு வருடமாக, ஊட்டி போக நான் சேர்க்கும் தையல் காசு இப்படித்தான் பரிசல் ஏறிப் போகிறது.

வாயில் தானாக வந்துவிட்டது. "நாங்க திங்கக்கிழம ஊட்டிக்குப் போறமுங்க அண்ணி. நாலு நாளு."

"அட! நெசமாவா? போயிட்டு வாங்க, நல்லாப் போயிட்டு வாங்க."

போனை வைத்ததும் இவர் கேட்டார்: "எந்த ஊட்டிக்கு?"

மே 10, ஞாயிறு

இவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், மே மாதம் பாதிச் சம்பளம். சீசனில் ஊட்டியில் ரூம் வாடகை கேட்டால் தலை சுற்றும். ஆடி மழையில் பாதி விலைக்குக் கிடைக்குமாம், வேன் ஸ்டாண்டில் யாரோ சொன்னது. ஆக, நிஜ ஊட்டி ஆடியில். இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பது. மகளுக்கு ஹாஸ்டலில் பரீட்சை, அவளுக்கும் சொல்லவில்லை.

செய்யக் கூடாதவை:
குக்கர் (விசில்)
தையல் மிஷின்
டிவி
தாளிப்பு (மூக்கு இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்)
தண்ணி மோட்டார். இன்றே டிரம் நிரப்பியாச்சு
சண்டை (இவர் சேர்த்தது)

பால் நிறுத்தியாச்சு. எதிர்வீட்டு ருக்குமணி அக்கா தைலம் வாங்கி வரச் சொன்னார். ஊட்டித் தைலத்துக்கு எங்கே போவேன்.

மே 11, திங்கள்

விடியற்காலை, லேசான காற்று. இரண்டு பையோடு பஸ் ஏறினோம். பையில் தலையணை. ருக்குமணி அக்கா வாசலில் நின்று கையாட்டினார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கேழ்வரகுக் காடு வழியாக, புளியந்தோப்புக்குள் நுழைந்து பின்கதவுக்கு வந்து சேர்ந்தோம். முன்கதவில் பூட்டு ஏற்கெனவே தொங்குகிறது. என் வீட்டுக்குள் நானே திருடியைப் போல நுழைந்தேன்.

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று.

மதியம் களி, மோர்மிளகாய் இல்லாமல். வறுத்தால் தெரு தும்மும்.

மே 12, செவ்வாய்

அனல். ஜன்னல்களெல்லாம் சாத்தி இருக்கின்றன. ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு வெளிச்சம் தரையில் விழுந்து, மெதுவாகச் சுவர் வரை நகர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் போய்விட்டது. இந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். அந்த வெளிச்சம் நகரும் என்று இன்றுதான் தெரியும்.

ஈரத் துண்டை விரித்து இரண்டு பேரும் தரையில் படுத்திருந்தோம். "திரும்பிப் போனா எல்லாரும் கேப்பாங்களே, என்னாத்தச் சொல்லறது?" என்று கிசுகிசுத்தேன். கதையை இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொன்று உளறுவோம்.

இவர் கல்யாணத்துக்கு முன்னால் லாரியில் கிளீனராக ஒரு தடவை போயிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மேட்டுப்பாளையம் தாண்டினால் பாக்கு மரம். அப்புறம் வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு பிடி குளிரும். காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறக்கும்.

எச்சில் விழுங்கிப் பார்த்தேன்.

மே 13, புதன்

பால் இல்லாத டீ பழகிவிட்டது. செலவு: தீப்பெட்டி ஒன்று. ஊட்டியில் செலவு: அதிகம்.

இரண்டாம் நாள் ஊட்டியில் மழை பெய்ததா இல்லையா என்று தகராறு. மழை பெய்தால் ஏரியில் போட் விடமாட்டார்கள், எனக்குப் போட் வேண்டும். சாயங்காலம் பெய்தது என்று முடிவாயிற்று. போட்டில் போகும்போது இவர் பயந்தார் என்றும் சேர்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

பூந்தோட்டத்தில் உட்கார்ந்தோம். புல் ஈரம், புடவை நனைந்தது. தள்ளுவண்டியில் ஸ்வெட்டர் விற்றார்கள்.

"உனக்கு ஒண்ணு வாங்கனேன்" என்றார்.

"என்ன கலரு?"

"பச்ச. கிளிப்பச்ச இல்ல. தேயில மாதிரி."

எனக்குப் பச்சை பிடிக்கும் என்று நான் சொன்னதே இல்லை. வியர்வை வழிய வழியக் கிடந்து, அந்த ஸ்வெட்டருக்குள் கையை நுழைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

மே 14, வியாழன்

மேகம். புழுக்கம்.

பத்தரை மணி இருக்கும். வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம். "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்கடா, நா இங்கயே இருக்கறேன்." அண்ணியின் குரல்! வேன் போய்விட்டது.

ருக்குமணி அக்கா ஓடி வந்தார். "ஊட்டிக்குல்ல போயிருக்காங்க!"

"தெரியுமுங்க. ஒகேனக்கல்லு போற வழி. தோட்டத்து மாங்கா பழுத்துச்சு, வந்தா திங்கட்டுமுன்னு கொண்டாந்தேன். செத்த வெளக்குமாறு குடுங்க. பூட்டுன வூடுன்னாலும் வாசல் இப்பிடியா கெடக்கறது."

கதவுக்கடியில் கண்ணை வைத்தேன். அண்ணியின் கால் ஒரு முழத் தூரத்தில். மெட்டி தேய்ந்து, கணுக்கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு குனிந்து என் வாசலைக் கூட்டினார். ருக்குமணி அக்கா தண்ணீர் எடுக்கத் தன் வீட்டுக்குப் போனார்.

தூசி கதவுக்கடியில் புகுந்தது. இவருக்குத் தூசி ஆகவே ஆகாது. வாயைப் பொத்தினேன். மூக்கு வழியாகத் தும்மிவிட்டார்.

விளக்குமாறு நின்றது.

எண்ணிப் பத்து மூச்சு. பிறகு மறுபடியும் கூட்டும் சத்தம். தப்பித்தோம்.

தண்ணீர் வந்தது. தெளித்தார், கோலம் போட்டார். இவர் எழுந்து, அக்காவிடம் போக, பின்கதவுப் பக்கம் நடக்கப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அப்போது அண்ணி, கொஞ்சம் சத்தமாகவே, ருக்குமணி அக்காவிடம் சொன்னார்:

"அவளும்தான் எங்களுக்கு எத்தன வருசமா வடிச்சுக் கொட்டியிருக்கறா. ஒரு நாளு மொகஞ் சுளிச்சதில்ல. நாலு நாளு நிம்மதியா இருக்கட்டுமுங்க."

வேன் வந்தது. போய்விட்டார்கள்.

ஒயர் கூடை பூட்டில் தொங்குகிறது. செந்தூரா மாம்பழம். எங்களால் எடுக்க முடியாது, நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். மத்தியானம் முழுக்க வாசனை கதவுக்கடியில் வந்துகொண்டே இருந்தது. இவர் என்னோடு பேசவில்லை. நானும் மூன்றாம் நாள் ஊட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கெட்டவள். கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

மே 15, வெள்ளி

பின்பக்கமாக வெளியேறி, பஸ் ஸ்டாண்ட் போய், பையோடு ஆட்டோவில் "திரும்பினோம்". கோலம் இன்னும் அழியவில்லை. அதை மிதிக்காமல் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

பழம் பன்னிரண்டு. மூன்று அழுகிவிட்டன. ஒன்றை நின்றுகொண்டே தின்றோம், ஆளுக்குப் பாதி.

ருக்குமணி அக்கா: "என்னங்க, கறுத்துப் போயி வந்திருக்கறீங்க?" மலை வெயில் என்றேன்.

மே 17, ஞாயிறு

நேற்று ராத்திரி மழை. இன்று அரூர் போனேன், தனியாக. கூடையைத் திருப்பித் தர வேண்டும். வெறுங்கூடையாகத் தரக் கூடாதே. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில், ஊட்டிக்குப் பேர்போன வர்க்கி பிஸ்கட் வாங்கி, பேக்கரி கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய பேப்பரில் மடித்து வைத்தேன்.

அண்ணி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். "சொல்லுடி. எல்லாத்தையும் சொல்லு. நா எங்கீமே போனதில்ல."

வளைவுகளைச் சொன்னேன். காது அடைத்ததைச் சொன்னேன். புல் ஈரத்தில் புடவை நனைந்ததைச் சொன்னேன். பச்சை ஸ்வெட்டரையும் சொன்னேன். அண்ணி வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றார்.

"நம்ப தருமபுரி பஸ் ஸ்டாண்டு வர்க்கியாட்டமே இருக்குது."

அவர் என்னைப் பார்க்காமல், இன்னொன்றை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அவனுக்கு இன்னமும் தூசி ஆவறதில்ல போல. சின்னதுலயே வெளக்குமாறு எடுத்தாப் போதும், மூக்குலதான் தும்முவான்."

அழுதுவிட்டேன். "தெரியுமுங்களா அண்ணி?"

"தெரியும். அழுவாத. பசங்ககிட்ட சொல்லல. வருசா வருசம் கொத்தாப் படையெடுத்து வர்றமே, உனக்கு எப்பிடி இருக்குமுன்னு நா ஒரு நாளு நெனச்சுப் பாத்தனா?" முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அழுத்தமாகவே. "சரி, வுடு. கதையப் பாதியில நிறுத்தாத. ஏரியில போட்டு வுட்டாங்களா?"

"வுட்டாங்க."

"ஆழமா?"

"ஆழந்தான். உங்க தம்பி பயந்துட்டாரு."

அண்ணி சிரித்தார். மூன்றாம் நாள் மட்டும் எங்களிடம் இல்லை. அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இட்டுக்கட்டினோம். அண்ணிக்கு ரயில் வேண்டுமாம்.

பஸ்ஸில் வரும்போதே இவருக்குப் போன். ஆடிக்கு ரூம் விசாரிக்கும்போது மூன்று கட்டில் கேளுங்கள் என்றேன். ஒன்று தாழ்வாக, கால் வீங்கினவர் ஏற வசதியாக.