கழுவக்கூடாத பிரஷ்

பிரியமுள்ள மைனிக்கு,

நம் கோயில் கமிட்டி ஏகமனதாக ஒரு முடிவெடுத்தது. வியாழக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை ஃபேன் போடுவதில்லை. செயலாளர் எழுந்து நின்று வாசித்தார். மேசை ஃபேனும் இதில் அடங்குமா என்று ஒருவர் கேட்டார். அடங்கும்.

பீடத்துக்கு மேலே நீங்கள் ஊதினாலே பறக்கும் தங்கரேக்கு ஒட்டிய மர நட்சத்திரத்தில், ஒரு முனை மழை ஒழுகி உரிந்துவிட்டது. பாறசாலையில் தங்கக் கலர் பெயின்ட் கிடைக்கும் என்றார் செயலாளர். நீங்கள் போனபின் கோயில் பக்கமே வராத அண்ணன் அன்றுதான் வாய் திறந்தார்: "பெயின்ட் அடிச்சா அவ கல்லறையிலேருந்து எந்திரிச்சு வருவா, ஆக்கும். நான் ஒட்டுதேன்."

என் பங்குக்கு, ரேக்கு எடுக்கும் உங்கள் பிரஷ்ஷைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவைத்தேன். அதை நீங்கள் கழுவியதே இல்லை. சோம்பல் என்று நினைத்திருந்தேன், மன்னியுங்கள்.

பசை பூசி, அது பதமாகும்வரை காத்திருந்தோம். ஆனால் ரேக்கு பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை.

"எலே, இதக் கழுவினியா?"

"சுத்தமா இருக்கட்டும்னு..."

"படிச்சவனாக்கும். ஒவ்வொரு தடவையும் அவ பிரஷ்ஷ நெத்தி முடியில ஒரு இழுப்பு இழுப்பா. அந்த எண்ணெப்பசையிலதான் ரேக்கு வரும்."

இத்தனை வருடமும் நீங்கள் முடியை ஒதுக்குவதாகத்தான் நினைத்தேன். இதை யார் சொல்லித்தந்தார்கள், மைனி?

என் தலையில் முடி இல்லை. அண்ணனோ உங்கள் அடக்கத்துக்குப் பிறகு எண்ணெய் வைப்பதில்லை. செயலாளர் தம் தலையை முன்வந்து கொடுத்தார். அதில் எண்ணெய் அதிகம். ரேக்கு பிரஷ்ஷிலேயே தங்கிவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போய், நீங்கள் கடைசியாகக் காய்ச்சிய எண்ணெய்க் குப்பியோடு வந்தார். பீரோ மேல் உங்கள் படத்தின் பக்கத்தில், யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த அதே குப்பிதான். மூடியைத் திறந்தார். பிறகு ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, தலையில் தடவி, பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தார். ரேக்கு எழுந்தது. எங்களில் யாரும் மூச்சுவிடவில்லை. நீங்கள் அந்த நேரத்தில் மூச்சை எங்கே வைத்திருப்பீர்கள்?

முனை இப்போது மற்ற நான்கையும்விடப் பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் குறை சொல்லியிருப்பீர்கள்.

பிரஷ்ஷை இனி நான் கழுவமாட்டேன், வாக்கு. எண்ணெய்க் குப்பி பீரோ மேல் இல்லை. குளியலறையில், சோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வழுக்கைத்தலைக் கொழுந்தன்