கண்மூடி நிற்கும் பயிற்சிக்கு ஒரு கை வேண்டி

அனுப்புநர்:
கே. லோகநாயகி,
தொலைபேசித் துறை மேற்பார்வையாளர் (ஓய்வு),
இரண்டாவது குறுக்குத் தெரு, மகிழம்பூ நகர்,
சிட்லபாக்கம், சென்னை – 64.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: மகிழம்பூ நகர் சமுதாயக் கூடத்தில் நடைபெற்ற முதியோர் தள்ளாட்டத் தடுப்புப் பயிற்சியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பங்கேற்கக் கூடாது என்று குடியிருப்போர் நலச் சங்கம் விதித்த தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். வயது எழுபத்திரண்டு. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில் இருக்கிறான்; ஞாயிறுதோறும் போன் செய்வான். தாங்கள் இப்பதவிக்குப் புதிதாக வந்திருப்பதாக அறிகிறேன். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மனு கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

2. போன வருஷம் ஊரையே படுக்க வைத்த சிக்குன்குனியா என்னையும் விட்டுவைக்கவில்லை. காய்ச்சல் போய்விட்டது, தள்ளாட்டம் போகவில்லை. பகலில் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். ஆனால் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் போதும், ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன். தனியாக இருக்கிறவளுக்குக் குளியலறை எவ்வளவு பயம் தரும் என்பதைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சில நாட்கள் குளிக்காமலே இருந்திருக்கிறேன். கேட்க யாரும் இல்லாததால் அது யாருக்கும் தெரியவும் இல்லை.

3. இந்நிலையில்தான் பேரூராட்சி கட்டிக் கொடுத்த சமுதாயக் கூடத்தில் திரு. லாசரஸ் அவர்கள் முதியோர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். அவர் ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். ஒற்றைக் காலில் நிற்பது, தரையில் போட்ட கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது என்று எல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். தரையைப் பார்த்து நடந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். "காலு எங்கியும் போயிடாது, கீழதான் கீது. நீங்க நேரா பாருங்க" என்பார். நான் முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் பிறரை அதட்டி வேலை வாங்கியவள். அவர் அதட்டியதை ஏனோ சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

4. கடைசியாக வருவது கண்மூடி நிற்கும் பயிற்சி. இதற்கு எதிரில் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை மூடுகிறவர் தம் கைகளை அதன் மேல் வைத்துக்கொள்வார். சாய்ந்தால் அவர் தாங்குவார். பிறகு முறை மாறும். கை இடுப்பு மட்டத்தில் இல்லாவிட்டால் தாங்குகிறவரும் சேர்ந்து விழுவார் என்பதால், திரு. லாசரஸ் உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். ஆண், பெண், சாதி, மதம் எதையும் பார்ப்பதில்லை. நான் சற்று அதிகமாகவே வளர்ந்துவிட்டவள். என் உயரத்துக்கு வகுப்பில் இருந்தவர் ஒருவரே: பல்லாவரத்தில் இரும்புக்கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்ட திரு. அத்தாவுல்லா. நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மனைவியை இழந்தவர். இரண்டு மாதம் பழகியதில் நான் வீட்டில் கண்ணை மூடி நிம்மதியாக முகம் கழுவினேன்.

5. சங்கச் செயலாளர் திரு. லக்ஷ்மிநாராயணன் ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டார். நான் கண்ணை மூடியிருந்தேன், ஆகவே அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. மறு வாரமே கூடத்தின் வாசலில் பலகை தொங்கியது: ஆண்களுக்குக் காலை, பெண்களுக்கு மாலை. விளக்கம் கேட்கப் போன என்னிடம், "மாமி, நாலு பேர் நாலு விதமா பேசறா. ஃபேமிலிஸ் இருக்கற காலனி இது" என்றார். அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். குடும்பங்கள் இருக்கிற காலனிதான், ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டில் அது இல்லை.

6. பலகைக்குப் பிறகு மாலை வகுப்புக்கு மற்றப் பெண்கள் வரவில்லை. அந்த நேரத்தில் பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவார்கள், அடுப்படி வேலையும் இருக்கும். கொஞ்ச நாள் நானும் திருமதி கங்கையம்மாளும் மட்டும் போனோம். நல்ல மனுஷி, ஆனால் என் முழங்கை உயரம். நான் சாய்ந்தால் அவர் நசுங்கிப் போவார் என்று திரு. லாசரஸ் கண்மூடும் பயிற்சிக்கு எங்களை விடவில்லை. அவரே தாங்கலாம்தான், ஆனால் பெண்களுக்கு ஆண் ஆசிரியர் தொலைவில் நின்று சொல்லித்தர வேண்டும் என்று சங்கம் அவருக்கும் ஒரு கோடு போட்டுவிட்டது. பிறகு கங்கையம்மாளும் நின்றுவிட்டார். ஒருத்திக்காகக் கூடத்தைத் திறக்க முடியாது என்று சங்கம் மாலையில் பூட்டிவிட்டது.

7. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. ஈரத் தரையில் கிடந்தபடி ஸ்டேஷன் பக்கம் ரயில்கள் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு ஹாலில் போன் அடித்தது. மகன்தான். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. உலகத்துக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், என் சொந்தப் போனை எடுக்க முடியாமல் அழுதேன். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டானாம். வெகுநேரம் கழித்து வாளியைப் பிடித்து நானாகவே எழுந்தேன். விழுந்ததை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

8. கங்கையம்மாளிடம் மட்டும் சொன்ன செய்தி எப்படியோ பாய்க்கு எட்டியிருக்கிறது. மறுநாள் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "இப்போ எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வேணாம்மா, உங்களுக்குத்தான் பேச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். தெருமுனையில் திரும்பும்போது அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் கவனித்தேன்.

9. சங்கத்தார் நேரில் கேட்கக் கூச்சப்படும் ஒன்றை நானே எழுத்தில் தருகிறேன். பாயின் கை மேல் என் கையை வைத்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. விழமாட்டோம் என்ற தைரியம் மட்டும் அல்ல அது. கணவர் போன பிறகு, சில்லறை கொடுக்கும் கண்டக்டரையும் ரத்த அழுத்தம் பார்க்கும் நர்சையும் தவிர என் கையை யாரும் தொட்டதில்லை. இதில் ஒழுக்கக்கேடு இருப்பதாகத் தாங்கள் கருதினால், விசாரணையில் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

10. எனவே, பேரூராட்சிக்குச் சொந்தமான கூடத்தில் சங்கம் மாட்டிய பலகையை அகற்றவும், காலை வகுப்பில் முன்போல உயரம் பார்த்து ஜோடி சேர்க்கத் திரு. லாசரஸ் அவர்களை அனுமதிக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். மறுபடி விழுந்தால் எழுவேன் என்ற நிச்சயம் எனக்கு இல்லை. தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.

இடம்: சிட்லபாக்கம்
நாள்: 19.11.2007

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கே. லோகநாயகி

குறிப்பு: தங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது, படியில் கைப்பிடியும் இல்லை. விசாரணைக்கு அழைப்பதானால், கீழே வந்து எனக்குக் கை கொடுக்க ஒருவரை அனுப்பும்படி வேண்டுகிறேன். அவர் ஆணா, பெண்ணா என்பது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை.